லாரி ஓட்ட ஒரு கம்ப்யூட்டர்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம் நடந்தது இது. அருப்புக்கோட்டை பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், தையல் கடையை ஒட்டி எனக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. ரிப்பேர் பார்ப்பேன், பழையதை வாங்கி விற்பேன். ஆனால் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வேறொரு வேலை. கையில் எவ்வளவு இருக்கிறது என்று சொன்னால் போதும், அதற்குள் அடங்குகிற மாதிரி ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்து, கேம் விளையாடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்துவிடுவேன். "அவர்ட்ட போ, அறுபதாயிரத்துக்கு எம்பதாயிரம் ரூவா மிஷினு தருவாரு" என்று காலேஜ் பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அது காதில் விழும்போதெல்லாம் எனக்குத் தலைக்கனம் ஒரு சுற்று ஏறும். அது எப்படி இறங்கியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். ஷேர் ஆட்டோ ஒன்று சந்து முனையில் நின்றது. ஊன்றுகோல் இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒருவர் மெதுவாக இறங்கினார். ஐம்பதை நெருங்குகிற வயது, தலையில் வெள்ளைத் தொப்பி. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பின்னாலேயே அவர் மனைவி, தலையில் முக்காடு, கையில் தண்ணீர் பாட்டில். பரளச்சிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்திருந்தார்கள்.

"கேம் வெளயாடுற கம்ப்யூட்டரு வேணும் தம்பி" என்றார்.

"எத்தனாப்பு படிக்கிறான் பாய், பையன்?" என்று கேட்டேன்.

அவர் மனைவி சிரிப்பை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பையன் இல்ல தம்பி. எனக்குத்தான்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தேன். பேசப் பேச விஷயம் வெளியே வந்தது. பதினேழு வருடம் வளைகுடாவில் டிரெய்லர் லாரி ஓட்டியவர். சர்க்கரை முற்றிக் காலில் வந்த புண் ஆறவே இல்லை. எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்கிற கால். இனி ஆயுசுக்கும் லாரி ஓட்ட முடியாது என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வளைகுடாவில் ஒரே அறையில் அவரோடு ஐந்து பேர் தங்கியிருந்தார்கள், எல்லாருமே டிரைவர்கள். லீவு நாளில் அந்த அறையில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் கேம் ஒன்றை மாற்றி மாற்றி விளையாடுவார்களாம். வாரம் ஆறு நாள் நிஜ லாரி ஓட்டிவிட்டு ஏழாவது நாள் பொய் லாரி ஓட்டுவார்களா என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது அந்த ஐந்து பேரும் சேர்ந்து பணம் போட்டு அறுபதாயிரம் ரூபாய் அனுப்பியிருந்தார்கள். "ஊர்ல ஒரு பொட்டி வாங்குங்க. வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சதும் எல்லாரும் ஒண்ணா வண்டிய எடுப்போம்" என்று.

"அதுக்கு மேல ஒத்த ரூவா கெடயாது தம்பி. அவங்யகிட்ட இன்னும் கேக்கவும் மாட்டேன். அதுக்குள்ள முடிச்சுத் தாங்க" என்றார்.

இந்த மாதிரிச் சவால் வந்தால் எனக்குப் பசி தூக்கமெல்லாம் மறந்துபோகும். ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். இது பிராசஸர், வண்டிக்கு இன்ஜின் மாதிரி. இது மதர்போர்டு, சேசிஸ் மாதிரி. இது கிராஃபிக்ஸ் கார்டு, ரோடும் மரமும் மழையும் அச்சு அசலாகத் தெரிய வேண்டுமென்றால் இதுதான் முக்கியம், பாதிப் பணம் இதற்கே போகும். ரேம், டிஸ்க், மானிட்டர், கீபோர்டு, காதில் மாட்டிப் பேச ஹெட்செட். லாரி டிரைவருக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன் என்று எனக்கே என்மேல் பெருமை.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "இன்ஜினு சொல்லிட்டீக, சேசிஸு சொல்லிட்டீக. இதுக்கு பிரேக்கு எது தம்பி?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "கம்ப்யூட்டருக்கு ஏது பாய் பிரேக்கு? ஓட்டம் மட்டுந்தான்."

அவரும் சிரித்தார். ஆனால் திருப்தி ஆகாத மாதிரி இன்னும் ஒரு தடவை அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கூட்டிப் பார்த்தால் ஆயிரம் சொச்சம் அதிகமாக வந்தது. எங்கே குறைப்பது? எனக்கு யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. எஸ்.எம்.பி.எஸ். என்று ஒரு பாகம் உண்டு. சுவரிலிருந்து வருகிற கரண்டை வாங்கி, மற்ற பாகங்களுக்குத் தேவையான அளவில் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. பின்னால் மூலையில் ஒளிந்துகொண்டிருக்கும், யார் கண்ணிலும் படாது. நல்லது வாங்கினால் நாலாயிரம். கேபினெட் என்கிற வெளிக்கூட்டோடு சேர்த்துப் பேர் தெரியாத கம்பெனியின் பெட்டி ஒன்றை மாட்டித் தருவார்கள், அது எண்ணூறு ரூபாய்கூட பெறாது. "அது ஓடுறது ஓடும்" என்று அதையே வைத்துக்கொண்டேன். அப்படி இருபது முப்பது பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், ஒருவரும் குறை சொன்னதில்லை. மிச்சமான பணத்தில் கிராஃபிக்ஸ் கார்டை இன்னும் ஒரு படி மேலே ஏற்றினேன். கேபினெட்டில் நீலமும் சிவப்புமாக எரிகிற ஃபேன் வேறு.

நாலு நாள் கழித்து எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். திருச்சுழியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவே வெடித்துக் கிடக்கிற கரிசல். மானிட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் முழங்காலுக்குக் கீழே மரத்துப்போய்விட்டது. வீடு நல்ல வீடு, வளைகுடாப் பணத்தில் பார்த்துப் பார்த்துக் கட்டியது. வாசலில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள். குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும், குடிக்கிற தண்ணீர் வண்டியில் வரும் என்றார் அக்கா. பாயின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், முன்னறையில் மேஜைக்கு அடியில் கேபினெட்டை வைத்து, வயர்களை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். பெட்டி உயிர் பெற்றது, விளக்குகள் சுற்றின. பின்பக்க வயர் ஒன்றைச் சரிசெய்ய உலோகத் தகட்டில் கை வைத்தேன். சுருக்கென்றது.

இந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை அது. பெட்டியின் தகட்டுக்குக் கொஞ்சம் கரண்டு கசிகிறது, அதை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போக வேண்டிய எர்த் கம்பி அந்த வீட்டில் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சுவரில் மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் அழகாக இருந்தது. மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் பாதி வீடுகளில் இப்படித்தான், இதற்கெல்லாம் சுவரை உடைத்துக்கொண்டு இருக்க முடியுமா என்று நினைத்தேன். என் கடையில்கூட சில பெட்டிகள் அப்படிச் சுருக்கென்னும். நான் செருப்புப் போட்டிருப்பதால் தெரியாது.

"லேசா சுருக்குங்கும் பாய். ஒண்ணும் பயப்பட வேணாம். செருப்பு போட்டுக்கிட்டுத் தொட்டீகன்னா தெரியாது" என்றேன்.

"வீட்டுக்குள்ள செருப்பா?" என்றார் அக்கா.

"ஹவாய் செருப்பு ஒண்ணத் தனியா வச்சுக்கங்கக்கா" என்று சிரித்தேன்.

பாய் தகட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றார். தெரியாது. அவர் உட்கார்ந்திருந்தது ரப்பர் சக்கரம் போட்ட நாற்காலியில்.

அன்று வெள்ளிக்கிழமை, அவர் முதல் தடவையாக வண்டி எடுத்ததை நான் பார்த்தேன். ஹெட்செட்டில் அந்தப் பக்கம் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கத்துகிற சத்தம் எனக்கே கேட்டது. கீபோர்டில் நாலு விரல்தான் வேலை செய்தது, ஆனால் அவர் உடம்பு முழுக்க லாரி ஓட்டியது. வளைவு வந்தால் தோள் சாய்ந்தது. பின்னால் வருகிற வண்டியைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி கண் ஓரத்துக்குப் போனது. "ஏலே, முன்னாடி போறவன் எவன்டா, இன்டிகேட்டரு போடுடா!" என்று அவர் அதட்டியபோது அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்த அக்கா சட்டென்று உள்ளே போய்விட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் போனார் என்று எனக்குப் புரிந்தது. நான் அன்று ஏதோ பெரிய புண்ணியம் செய்தவன் மாதிரி ஊர் திரும்பினேன்.

அடுத்த மூன்று வாரத்தில் அக்கா இரண்டு தடவை போன் செய்தார். முதல் தடவை, "தம்பி, அந்தப் பொட்டி கடிக்குதுப்பா" என்றார். பெட்டியைப் போடுகிற பொத்தான் மேஜைக்கு அடியில் இருந்ததால் சக்கர நாற்காலியிலிருந்து பாயால் குனிந்து அமுக்க முடியாது. தினமும் அக்காதான் அமுக்கிவிட வேண்டும். சிமென்ட் தரையில் வெறுங்காலோடு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கடிச்சா கரண்டு இருக்குன்னு அர்த்தங்க்கா, சந்தோசப்படுங்க" என்றேன். சொல்லிவிட்டு என் நகைச்சுவைக்கு நானே சிரித்தேன்.

இரண்டாவது தடவை அக்காவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மர அகப்பைக் காம்பால் பொத்தானை அமுக்குகிறேன், இப்போது கடிக்கவில்லை, ஆனால் முன்னைக்கு இப்போது கூட இருக்கிற மாதிரித் தெரிகிறது, ஒரு எட்டு வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டார். "வாரேன்க்கா" என்றேன். அகப்பைக் கதையைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேனே தவிர, போகவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்குப் பாயிடமிருந்து போன் வந்தது. வளைகுடாவிலும் ஜும்மா முடிந்து நண்பர்களோடு வண்டி எடுக்கிற நேரம். கேமில் ஏதோ சந்தேகம் கேட்கப் போகிறார் என்று நினைத்து எடுத்தேன். அவர் குரல் அவர் குரல் மாதிரியே இல்லை.

"தம்பி, அவ செருப்பு போடலப்பா" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. என்னாயிற்று, என்னாயிற்று என்று நான் கேட்கக் கேட்க அவர் அதையே திரும்பச் சொன்னார். "நீங்க சொன்னீக. நானும் சொன்னேன். அவ செருப்பு போடலப்பா." என்னைக் குறை சொல்லவில்லை அவர். நான் சொன்னதை வீட்டில் ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லையே என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

நடந்தது இதுதான். அவர் பள்ளிவாசலிலிருந்து திரும்பி வந்து சாப்பிட்டு முடித்துப் பெட்டியைப் போடச் சொல்லியிருக்கிறார். அக்கா அகப்பையால் அமுக்கிவிட்டு, அப்படியே மேஜைக்கு அடியில் ஈரத்துணியால் தரையைத் துடைத்திருக்கிறார். துடைத்த கை பெட்டியின் அடித்தகட்டில் பட்டிருக்கிறது. இந்தத் தடவை அது சுருக்கென்று விடவில்லை, பிடித்துக்கொண்டது. சத்தம்கூட வரவில்லையாம். நண்பர்கள் காதுக்குள் பேசிக்கொண்டிருக்க, கால்மாட்டில் அக்காவின் உடம்பு வெட்டி இழுப்பதைப் பார்த்திருக்கிறார். தள்ளிவிட ஊன்றுகோலை எடுத்தவர், அது அலுமினியம் என்று ஞாபகம் வந்து தூர எறிந்திருக்கிறார். சுவர் சுவிட்ச் எட்டாத தூரம். சுவருக்கும் மேஜைக்கும் நடுவில் தொங்கிய வயரை இரண்டு கையாலும் பிடித்து, நாற்காலியோடு பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்திருக்கிறார். விழுந்த கனத்தில் பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. பதினேழு வருடம் டிரைவராக இருந்தவர் பிரேக்கு இல்லாத வண்டியை அப்படித்தான் நிறுத்தினார்.

திருச்சுழிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆம்புலன்ஸில் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான் அவர்களுக்கு முன்னால் போய் வாசலில் நின்றேன். இறக்கியபோது அக்காவுக்கு நினைவு இருந்தது. வலது உள்ளங்கை கருகியிருந்தது. இருதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, இருபத்துநாலு மணி நேரம் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று சொல்லிவிட்டார்கள்.

"எப்படி ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஈரக் கையோட பொட்டியத் தொட்டுட்டா சார். வெறுங்காலு வேற. அவ மேலதான் தப்பு" என்றார் பாய்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க?" என்று கேட்டார். "தெரிஞ்சவன்" என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களில் எதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது என்று கேட்டால், அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வேன்.

மறுநாள் சாயங்காலம் துடிப்பு சரியாகிவிட்டது, பயமில்லை என்றார்கள். அவர் அங்கேயே, சக்கர நாற்காலியில் இருந்தபடி, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். எனக்கு எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியவில்லை. எல்லாச் சாமியையும் கும்பிட்டேன்.

அவர்கள் வீடு திரும்பிய மூன்றாம் நாள், கடையைப் பூட்டிவிட்டுப் பரளச்சி பஸ் ஏறினேன். பெட்டி மேஜைக்கு அடியிலேயே இருந்தது, மேலே ஒரு போர்வை போட்டு மூடியிருந்தார்கள். முதலில் அதைத் திறந்தேன். நான் பணம் மிச்சம் பிடித்த அந்த எண்ணூறு ரூபாய்ப் பாகத்துக்குள், வெயிலுக்கும் சூட்டுக்கும் ஒரு வயரின் மேல்தோல் உருகி, உள்ளே இருந்த செம்பு தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நல்ல பாகமாக இருந்தால் அப்படி உருகியிருக்காது. அப்படியே உருகியிருந்தாலும் எர்த் சரியாக இருந்திருந்தால் அந்த நிமிஷமே ஃபியூஸ் போயிருக்கும், யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு குண்டு பல்பில் இரண்டு வயரை இணைத்து, ஒன்றைக் கரண்டு வருகிற ஓட்டையிலும் இன்னொன்றை எர்த் ஓட்டையிலும் வைத்துப் பார்த்தேன். எர்த் இருந்தால் பல்பு எரிய வேண்டும். மினுக்கென்றுகூட இல்லை. இரண்டு நிமிஷ வேலை. இதை அன்றைக்கே செய்திருக்கலாம்.

கொல்லைப்பக்கம் போனோம். வீடு கட்டும்போது தோண்டிய எர்த் குழிக்கு மேல் ஒரு சிமென்ட் மூடி இருந்தது. நகர்த்திப் பார்த்தால் உள்ளே புழுதி. கம்பி துருப்பிடித்து அறுந்து தனியாகக் கிடந்தது. குழியில் ஈரம் இருந்தால்தான் மண் கரண்டை வாங்கிக்கொள்ளும்.

"இதுல தண்ணி ஊத்துவீகளா பாய்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வீடு கட்டுறப்ப வயரிங்குக்கு வந்தவரு சொன்னாரு, வாரத்துக்கு ஒரு கொடம் உப்புத் தண்ணி ஊத்துங்கன்னு. குடிக்கிற தண்ணிக்கே கொடத்தோட ஓடுற ஊருல, மண்ணுக்குள்ள எவன் தம்பி ஊத்துவான்?"

எங்கள் வீட்டிலும் ஊற்றியதில்லை. மதுரையிலோ சென்னையிலோ இருந்து எவனாவது வந்து, தண்ணீரை எடுத்துத் தரையில் கொட்டு என்று சொன்னால் எங்கள் பக்கம் அவனைக் கிறுக்கன் என்றுதான் சொல்வார்கள்.

அக்கா கையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த எதுவும் வாயில் வரவில்லை. "அக்கா, உங்க மேல தப்பில்ல. செருப்பு போடாதது தப்பே இல்ல. தப்பு என்னோடது. கெட்ட சாமான் போட்டேன். கரண்டு அடிக்குதுன்னு தெரிஞ்சே விட்டுட்டுப் போனேன். நீங்க கூப்ட்டும் வரல" என்றேன். அழுதுவிட்டேன்.

"தெரியும் தம்பி. ஆஸ்பத்திரில நீங்க நின்னதப் பாத்தே தெரியும்" என்றார் அக்கா.

அவர் கணவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கோபமே இல்லாமல், "பொட்டிய எடுத்துட்டுப் போயிருங்க தம்பி. எனக்கு வேணாம்" என்றார். அது எனக்குக் கிடைக்க வேண்டிய தண்டனைதான் என்று நினைத்து எழுந்து வயர்களைக் கழற்றப் போனேன்.

"இருங்க" என்றார் அக்கா. கணவரைப் பார்க்காமல் என்னிடம் பேசினார். "கால எடுத்துட்டு வந்ததுலருந்து எட்டு மாசம் இவுக என்கிட்ட நாலு வார்த்த சேந்தாப்புல பேசல தம்பி. சோறு வேணுமான்னு கேட்டா தலைய ஆட்டுவாக. அந்தப் பொட்டி வந்த பெறகுதான் லாரி ஓட்டிட்டு, எந்த ஊருக்குப் போனேன், எவன் முந்துனான், மழ பெஞ்சுச்சுன்னு எல்லாத்தையும் ராத்திரி சோத்துக்கு ஒக்காந்து எனக்குச் சொல்றாக. பொய் லாரிதான், எனக்குத் தெரியாதா? அதக் கொண்டுபோயிட்டீகன்னா மறுபடியும் வாய மூடிக்கிருவாக. கடிக்காத மாதிரி செஞ்சு குடுங்க. அது போதும்."

அவர் கணவர் முகத்தை மூடிக்கொண்டார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அந்த அறுபதாயிரத்துக்குள்ளேயே இரண்டாவது தடவை தேர்ந்தெடுத்தேன். இந்தத் தடவை தாளில் முதல் வரியாக எழுதியது எஸ்.எம்.பி.எஸ். கிராஃபிக்ஸ் கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு இரண்டு படி கீழே உள்ளதைப் போட்டேன், பணம் சரியாக நின்றது. பொத்தானை மேஜைக்கு மேலே கொண்டுவந்து அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். "மரமெல்லாம் கொஞ்சம் மங்கலாத் தெரியும் பாய்" என்று தயங்கிச் சொன்னபோது, "ரோடு தெரியுதுல்ல தம்பி, போதும்" என்றார்.

எர்த் குழி என் செலவு என்று சொல்லி, வயரிங் வேலை பார்க்கும் என் நண்பனைக் கூட்டிப்போனேன். கரண்டு கசிந்தால் கண் மூடித் திறப்பதற்குள் தானாக அணைகிற சுவிட்ச் ஒன்றைப் பலகையில் மாட்டுவதற்கு எடுத்து வந்திருந்தான். கரியும் உப்பும் போட்டுப் புதுக் குழி எடுக்க வேண்டும், எங்கே எடுக்கலாம் என்று கேட்டான். பழைய இடத்திலேயே எடு என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா எழுந்து வந்து கொல்லையில் இன்னொரு மூலையைக் காட்டினார். அங்கே ஒரு சின்ன திட்டும் ஒரு பிளாஸ்டிக் கெண்டியும் இருந்தன. தொழுகைக்கு முன்னால் கையும் முகமும் காலும் கழுவுவார்களே, ஒளு என்று சொல்வார்கள், அது செய்கிற இடம்.

"இங்க எடுங்க தம்பி. தெனம் அஞ்சு வேள இங்கதான் தண்ணி விழுகுது. எங்களுக்குத் தண்ணி இருக்கோ இல்லியோ, இந்த எடத்துல ஈரம் காயாது" என்றார்.

என் நண்பன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்தான். அவன் இருபது வருடமாகக் குழி தோண்டுகிறவன், நான் பெரிய கம்ப்யூட்டர்காரன். எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றாதது அது. ஒரு குடம் தண்ணீர்கூடத் தனியாகச் செலவில்லை.

குழி மூடிய அன்று மத்தியானத் தொழுகைக்கு நேரமானது. பாய் சக்கர நாற்காலியை அங்கே உருட்டிக்கொண்டு போனார். இடது கையால் மட்டும் அக்கா கெண்டியைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்ற, அவர் கைகளைக் கழுவி, வாய் கொப்பளித்து, முகம் கழுவி, தலையில் ஈரக்கையைத் தடவி, மிச்சமிருந்த ஒற்றைக் காலை நீட்டிக் கழுவினார். தண்ணீர் வழிந்து ஓடி அந்தக் குழிக்குள் இறங்குவதை நான் நின்று பார்த்தேன். பிறகு உள்ளே போய்ப் பல்பை வைத்துப் பார்த்தேன். கண் கூசுகிற மாதிரி எரிந்தது. நண்பன் அந்தச் சுவிட்சையும் பலகையில் மாட்டியதும் பெட்டியைப் போட்டு, செருப்பில்லாத காலோடு, தகட்டின் மேல் என் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அதற்கப்புறம் பழைய தாள்களையெல்லாம் தேடி எடுத்து, அந்த மாதிரிப் பெட்டி வாங்கிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனேன். மல்லாங்கிணறு, எம்.ரெட்டியபட்டி என்று இரண்டு மாதம் அலைந்தேன். சில பேர் திட்டினார்கள், சில பேர் சிரித்தார்கள். மாற்றிக் கொடுத்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. இப்போது கடைக்கு யார் வந்து எந்த கார்டு நல்லது என்று கேட்டாலும், "ஒங்க வீட்ல எர்த் குழிக்கு கடைசியா எப்ப தண்ணி ஊத்துனீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். இந்த ஆளுக்கு மறை கழன்றுவிட்டது என்று வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. அறுபதாயிரத்துக்கு எண்பதாயிரம் ரூபாய் மெஷின் தருகிறவன் என்ற பேர் எனக்கு இப்போது இல்லை.

பாய் இன்றும் வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டி எடுக்கிறார். அக்காவின் கையில் தழும்பு இருக்கிறது, அதைப் பற்றி அவர்கள் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. எனக்குத்தான் கடையில் ஏதாவது ஒரு பெட்டியைத் தொடும்போது திடீரென்று அந்தக் குரல் கேட்கும்: "அவ செருப்பு போடலப்பா." விவரம் தெரிந்தவன் என்று நம்பி ஒருவர் நம் பேச்சைக் கேட்டுக்கொள்ளும்போது, நாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வருகிற ஒரு வார்த்தை அவர் வீட்டில் சட்டமாகிவிடுகிறது. அந்தச் சட்டத்தின்படி நடக்காததற்காக, சாகப் பிழைக்கக் கிடந்த தன் மனைவியைக் குற்றவாளியாக்கி என்னிடம் மன்னிப்புக் கேட்ட அந்த மனிதருக்காக, நான் இப்போது கடையிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வேலை பார்க்கிறேன். எந்தப் பெட்டி கசிந்தாலும் அது முதலில் என்னைத்தான் கடிக்க வேண்டும்.